கடன் நிறுவனத்தின் கோப்பில் ஆய்வாளர் எதைத் தேடுகிறார்?

கேள்வி: தனிநபர் கடன், வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் 'அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன. அதிகாரிகள் ஆய்வுக்குப் போகும்போது உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? வரவு செலவைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடுகிறதா?

பதில்: கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பது தணிக்கையாளரின் வேலை. ஒழுங்குமுறை அமைப்பின் ஆய்வாளர் வருவது வேறு காரியத்துக்காக. மூலதனம் போதுமா, வாராக்கடன் எவ்வளவு என்பதை அவரும் பார்ப்பதுண்டு. ஆனால் கடன் வாங்கியவரைச் சட்டப்படி நடத்துகிறார்களா என்று பார்க்கும் ஆய்வில் பேரேட்டைவிடக் கடன்தாரரின் கோப்புக்கே முதலிடம்.

இந்தியாவில் வங்கியல்லாத நிதி நிறுவனங்களை ஆய்வு செய்யும் அதிகாரத்தை 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 45-என் பிரிவின் வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தருகிறது. அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தால் உருவாகி 2011 ஜூலையில் பணியைத் தொடங்கிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, தன் ஆய்வாளர்களுக்கான கையேட்டையே யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. தேர்வுக்கு முன்பே வினாத்தாளைக் கொடுத்துவிடுவது போல இது தோன்றலாம். ஆனால் கேட்கப்போவது இன்னதென்று தெரிந்தும் ஒரு நிறுவனத்தால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அதுவே ஆய்வாளருக்குப் பாதி விடையாகிவிடுகிறது.

பொதுவாக, ஆய்வுக் குழு வந்து இறங்குவதற்கு முன்பே ஆவணங்களைக் கேட்டுக் கடிதம் போய்விடும். கடன் கொள்கை, விளம்பரங்கள், ஊழியர்களுக்கான பயிற்சிக் குறிப்புகள், தொலைபேசியில் பேச எழுதிக் கொடுத்த வாசகங்கள், புகார்ப் பதிவேடு, கடன் கணக்குகளின் முழுத் தரவு ஆகியவை அதில் அடங்கும். அந்தத் தரவிலிருந்து மாதிரிக் கணக்குகளை ஆய்வாளரே தேர்ந்தெடுக்கிறார். நிறுவனம் எடுத்து நீட்டும் நல்ல கோப்புகளை அவர் ஏற்பதில்லை. ஒழுங்காகத் தவணை கட்டியவர்களின் கோப்புகளில் பெரும்பாலும் விசேஷம் எதுவும் இருக்காது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், தவணை தவறியவர், காலத்துக்கு முன்பே கடனை அடைத்தவர் ஆகியோரின் கோப்புகளில்தான் விஷயம் இருக்கும்.

ஒரு கோப்பைப் பிரித்துப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் கையெழுத்தானது 3ஆம் தேதி. காசோலையில் உள்ள தேதி 5. அது கடன்தாரரின் கைக்கு வந்து சேர்ந்தது 12ஆம் தேதி. வட்டி எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? 5ஆம் தேதியிலிருந்து என்று கணினியில் பதிவாகியிருந்தால், ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு அந்த ஏழு நாளில் ஏறக்குறைய 460 ரூபாய், பணத்தைக் கண்ணால் காணாதவரிடமிருந்தே பறிக்கப்படுகிறது. இது வெறும் கற்பனை அல்ல. நேரடி ஆய்வுகளில் இப்படிப்பட்ட வழக்கங்கள் தெரிய வந்ததாகச் சொல்லித்தான் 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாதத்தின் நடுவில் கடனை அடைத்தவரிடம் முழு மாத வட்டி வாங்கியதும், ஓரிரு தவணைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு முழுக் கடன் தொகைக்கும் வட்டி கணக்கிட்டதும் அதில் குறிப்பிடப்பட்டன. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரும்படி ஆய்வுக் குழுக்கள் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியதையும் அது சொல்கிறது. ஒரு கோப்பில் அற்பமாகத் தெரியும் தொகை, லட்சக்கணக்கான கோப்புகளில் என்னவாகும் என்பதை ஆய்வாளர் பெருக்கிப் பார்க்கிறார்.

வசூல் பிரிவில் அவர் பார்ப்பது நேரத்தை. பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன்தாரரை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்புப் பதிவுகளில் நேரம் தானாகவே பதிந்திருப்பதால், வசூல் முகவர் என்ன சமாதானம் சொன்னாலும் அது எடுபடுவதில்லை. அவர் வெளி நிறுவனத்தின் ஆள் என்று சொல்லியும் கடன் நிறுவனம் தப்பிக்க முடியாது.

கோப்புகளை முடித்த பிறகு ஆய்வாளர் மேல்மாடிக்குப் போவார். தவறு நடந்தது இயக்குநர் குழுவுக்குத் தெரியுமா, கூட்டக் குறிப்பில் அது இருக்கிறதா, நிறுவனமே கண்டுபிடித்துத் திருத்தியதா அல்லது ஆய்வாளர் சொல்லும்வரை காத்திருந்ததா என்பன அங்கே எழும் கேள்விகள். அமெரிக்காவில் இவற்றையெல்லாம் எடைபோட்டு 1 முதல் 5 வரை தரம் இடுகிறார்கள். 1 சிறந்தது, 5 மிக மோசமானது. தானே திருத்திக்கொண்ட நிறுவனத்துக்கும் பிடிபட்ட நிறுவனத்துக்கும் இடையே வேறுபாடு காட்டுவது நியாயமே என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் ஆய்வு அறிக்கைகளை ஏன் மக்களுக்குக் காட்டுவதில்லை?

பதில்: அறிக்கை வெளியாகும் என்று தெரிந்தால் நிறுவனங்கள் ஆவணங்களை மறைக்கும் என்பது ஒழுங்குமுறை அமைப்புகளின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் கடன்தாரர். அமெரிக்க அமைப்பு, ஆய்வுகளில் கண்ட குறைகளைத் தொகுத்து, பெரும்பாலும் நிறுவனங்களின் பெயரைச் சொல்லாமல் வெளியிட்டு வந்திருக்கிறது. அந்த அமைப்பிலேயே ஆய்வுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் முடிவு 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆய்வுக்குப் போக ஆள் வேண்டும். இந்தியாவில் வங்கிகளைப் பற்றிய ஆய்வு அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தர வேண்டும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கிகள் பின்னர் அதை எதிர்த்து மீண்டும் நீதிமன்றத்தை நாடின.

நம் கண்ணில் படுவது அபராதச் செய்திக் குறிப்பு மட்டுமே. ஆய்வில் குறை கண்டு, விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, எழுத்திலும் நேரிலும் பதிலைக் கேட்ட பிறகுதான் ரிசர்வ் வங்கி அபராதம் விதிக்கிறது. வாடிக்கையாளருடன் நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லுமா என்பதைப் பற்றி இந்த நடவடிக்கை எதுவும் கூறவில்லை என்ற வாசகமும் அந்தக் குறிப்பில் வழக்கமாக இருக்கும். ஆகவே நிறுவனத்துக்கு அபராதம் விழுந்துவிட்டது என்று நம்பித் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் ஒருத்தியின் புகார் இத்தகைய ஆய்வில் கணக்கில் வருமா?

பதில்: வரும், எழுத்தில் இருந்தால். எந்த நிறுவனத்தை முதலில் பார்ப்பது, அங்கே எந்தப் பிரிவைத் தோண்டுவது என்று முடிவு செய்யப் புகார்களும் பயன்படுகின்றன. நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்) வரம்புக்குள் வரும் நிறுவனமாக இருந்தால் அவரிடம் போகலாம். 'ஏமாற்றுகிறார்கள்' என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள், ஒப்பந்தத்தில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவது பலன் தரும். தொலைபேசியில் சொல்லிவிட்டு விட்டுவிடாமல், புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குறைதீர்ப்பாளரிடம் வந்த புகார் நிறுவனத்தின் பதிவேட்டில் இல்லை என்றால், அதற்கான விளக்கத்தை ஆய்வாளரிடம் நிறுவனம்தான் சொல்லியாக வேண்டும்.