தோயன்ஜாங் சாப்பிட்டால் சளி பிடிக்காதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தோயன்ஜாங் சாப்பிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: தோயன்ஜாங் என்பது கொரியர்கள் சமையலில் சேர்க்கும், புளிக்கவைத்த சோயா விழுது. செல்களிலும் எலிகளிலும் நல்ல அறிகுறிகள் கிடைத்திருக்கின்றன, மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதை வைத்துக்கொண்டு சளி காய்ச்சல் அண்டாது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். நல்ல குழம்புச் சரக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: எப்படிச் செய்கிறார்கள்?

பதில்: சோயாவை வேகவைத்து இடித்து செங்கல் மாதிரி பிடித்து, வைக்கோல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அதன் பெயர் மேஜு. வைக்கோலில் இருக்கும் பேசில்லஸ் பாக்டீரியாவும் காற்றில் வரும் பூஞ்சையும் அதில் குடியேறிப் புரதத்தை உடைக்க ஆரம்பிக்கும், அந்தச் சுவையெல்லாம் அங்கிருந்துதான். அப்புறம் ஓங்கி எனும் மண்சாடியில் உப்புநீருக்குள், மிளகாயும் கரியும் மிதக்க, 40 முதல் 60 நாள் வரை. வடித்த நீர் கான்ஜாங், அதாவது சோயா சாஸ். அடியில் நிற்பதுதான் தோயன்ஜாங், அதை இன்னும் பல மாதம் ஊறவிடுவார்கள். ஜாங் எனப்படும் இந்தப் புளித்த சோயா விழுதும் சாஸும் செய்யும் கொரிய மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: குழம்பில் கொதித்தால் நல்ல பாக்டீரியா செத்துப்போகாதா சார்?

பதில்: பெரும்பாலானவை போய்விடும். பேசில்லஸின் வித்துகள் (அந்த பாக்டீரியா கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை) மட்டும் கொதியைத் தாங்கும். இரண்டு மூன்று நாளிலேயே தயாராகும் சொங்குக்ஜாங் என்றொரு வகை இருக்கிறது, நூல்நூலாக இழுக்கும், நாற்றம் வீட்டையே தூக்கும். அதைப் பலர் கடைசியில் போட்டு லேசாகச் சூடாக்கி இறக்கிவிடுகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர், கொடுக்கலாமா?

பதில்: உப்பைப் பாருங்க. மரபு முறைத் தோயன்ஜாங்கில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருக்கும், ஒரு மேசைக்கரண்டியிலேயே கிட்டத்தட்ட 2 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. கொடுத்தால் குழம்பில் வேறு உப்பே போடாதீர்கள்.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: அப்படியானால் சொங்குக்ஜாங் வேண்டாம், டாக்டரிடம் கேட்கும்வரை தொடவே கூடாது. பேசில்லஸ் உண்டாக்கும் வைட்டமின் கே2 அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

கேள்வி: கடை டப்பாவும் அதேதானா?

பதில்: பலவற்றில் கோதுமை கலந்திருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் எனும் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் படியுங்கள். சோயா, உப்பு, தண்ணீர் மட்டும் இருந்தால் பழைய முறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.