அட்ரினல் கட்டி என்றாலே புற்றுநோயா?

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்காக என் கணவருக்கு (வயது 52) சிடி ஸ்கேன் எடுத்தோம். இடது அட்ரினல் சுரப்பியில் 2.3 செ.மீ. கட்டி இருப்பதாக ரிப்போர்ட்டில் இருக்கிறது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. புற்றுநோயாக இருக்குமோ? ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் அட்ரினல் கட்டிகளில் பெரும்பாலானவை அடினோமா எனப்படும் சாதாரணக் கட்டிகளே. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இந்த அட்ரினல் சுரப்பியின் புறணியில் (வெளி அடுக்கில்) தொடங்கும் புற்றுநோய் மிக அரிது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் வருகிறது.

எல்லோரும் கட்டியின் அளவைப் பார்த்துத்தான் கலங்குகிறார்கள். நான் முதலில் தேடுவது அதன் அடர்த்தியை. கல்லுக்கான ஸ்கேன் பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாமல் எடுக்கப்படுவது. அப்படியானால் அந்தப் படத்திலேயே ரேடியாலஜிஸ்ட் அடர்த்தியை அளந்துவிடலாம். ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் அது 10 அல்லது அதற்குக் கீழே இருந்து, கட்டி முழுவதும் ஒரே சீராகவும் இருந்தால், உள்ளே கொழுப்பு நிறைந்த சாதாரணக் கட்டி என்று பொருள். அதற்காக மறுபடி ஸ்கேன்கூடத் தேவையில்லை. அடர்த்தி 20-ஐத் தாண்டுவது, அளவு 4 செ.மீ.க்கு மேல் இருப்பது, ஓரங்கள் ஒழுங்கற்றுப் போவது, சில மாதங்களிலேயே வளர்வது ஆகியவைதான் சந்தேகத்தைக் கூட்டுபவை. அடர்த்தி இடைப்பட்டதாக இருந்தால் எம்ஆர்ஐ போன்ற அடுத்த படம் உதவும். முன்பு எடுத்த வயிற்று ஸ்கேன் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல ஆண்டுகளாக அளவு மாறவில்லை என்றால் அது பெரிய ஆறுதல். அவருக்கு முன்பு நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் மட்டும், அங்கிருந்து பரவியதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஊசிப் பரிசோதனைக்கு அவசரப்படாதீர்கள். எடுக்கும் சிறு துணுக்கை வைத்து அடினோமாவா, புறணிப் புற்றுநோயா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதோடு, அது அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற வகையாக இருந்துவிட்டால், ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக எகிறலாம். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால்தான் ஊசி. அதுவும் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் பொருள்) பரிசோதனை செய்து அந்த வகை இல்லை என்று உறுதியான பிறகே.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்தாலும் ஹார்மோன் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. சாதாரணக் கட்டியும் கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, சத்தமில்லாமல் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். இரவில் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, காலையில் ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் இருந்தால், அதைக் கட்டுப்படுத்துவதில் பங்குள்ள ஆல்டோஸ்டிரோன், ரெனின் அளவுகளையும் பார்ப்பார்கள். அடர்த்தி 10-க்கு மேல் என்றால் மெட்டாநெஃப்ரினும்.

ரிப்போர்ட்டில் அடர்த்தி எண் இல்லையென்றால் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு படங்களோடு ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள்.