30 சதவீத இடிமழை: செடோனாவுக்குப் போகலாமா?

அரிசோனாவில் பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூலை கடைசிச் சனிக்கிழமை வடக்கே உள்ள செடோனாவுக்கு அழைத்துப் போய், ஓக் கிரீக் ஓடையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பலாம் என்று திட்டம். பீனிக்ஸில் 112 டிகிரி வெயில், பிற்பகலில் ஒருசில இடங்களில் இடியுடன் கூடிய மழை, வாய்ப்பு 30 சதவீதம் என்கிறது முன்னறிவிப்பு. 'கத்திரி வெயிலில் வளர்ந்தவனுக்கு இதென்ன பிரமாதம்' என்கிறார் அப்பா. போகலாமா, தள்ளிப்போடலாமா?"

போகலாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினொன்றரைக்குள் ஓடையை விட்டு மேலே வந்துவிடுங்கள். சாப்பிட்ட கையோடு வண்டியைத் திருப்பிவிடுவது நல்லது. இல்லையென்றால் இரவு செடோனாவுக்கு வடக்கே மேட்டிலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் தங்கி, மறுநாள் காலை இறங்குங்கள். மாலை நான்கு மணிக்கு ஓடைப் பள்ளத்தாக்கில் இருப்பதும், ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் பீனிக்ஸை நோக்கி வருவதும்தான் வேண்டாம் என்கிறேன்.

முதலில் அந்த 30 சதவீதம். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை இந்த எண்ணைத் தரும்போது, நீங்கள் நிற்கும் இடத்தில், குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள், ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்காவது மழை பதிவாகும் வாய்ப்பைத்தான் சொல்கிறது. கால் மில்லிமீட்டர் மழை, அவ்வளவுதான். எவ்வளவு கொட்டும், எத்தனை நேரம் நீடிக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. காற்றும் புழுதியும் வெள்ளமும் அந்தக் கணக்கில் சேரவே சேராது. ஆனால் பாலைவனத்தில் உங்கள் தலையில் விழாத மழைதான் பெரும்பாலும் வம்பு. வேறெங்கோ பெய்த மழை உங்களிடம் புழுதியாக வரும், சில சமயம் ஓடையில் வெள்ளமாக வரும். அதனால் சதவீதத்தைப் பார்ப்பதைவிட, மழை எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று பார்ப்பதே பயன்.

அரிசோனாவிலும் பருவமழை உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று 2008 முதல் தேதி வைத்து எண்ணுகிறார்கள். கோடையில் நிலம் கொதிக்கிறது. வடக்கே நான்கு மாநிலங்கள் சந்திக்கும் இடத்தையொட்டி உயர் அழுத்தம் வந்து உட்காருகிறது. அதைச் சுற்றி வலமாகச் சுழலும் காற்று, கலிபோர்னியா வளைகுடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் ஈரத்தை இழுத்து வருகிறது. அளவு சொற்பம். பீனிக்ஸின் பருவகாலச் சராசரி முழுவதுமே 2.43 அங்குலம், அதாவது சுமார் 62 மில்லிமீட்டர். சென்னையில் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும் மழை இது. அதுவும் நிச்சயமில்லை: 2023 பருவத்தில் பீனிக்ஸ் விமான நிலையத்தில் மொத்தமாக 0.15 அங்குலம்தான் பதிவானது. அந்த ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரைதான் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரிக்குக் குறையாமல் அடித்தது. பருவமழை தொடங்கிவிட்டது, இனி குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரம் ஏறினால் இரவு இன்னும் புழுங்கும்.

பருவக்காற்று ஓங்கியிருக்கும் நாளில் இடிமழை கிட்டத்தட்ட ஒரு நேர அட்டவணைப்படி நடக்கும். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பதினொரு மணி வாக்கில் ஃபிளாக்ஸ்டாஃபை ஒட்டிய மலைகளின்மேலும் வடக்கு மேட்டு நிலம் செங்குத்தாக முடியும் மொகொலன் விளிம்பின்மேலும் வெள்ளைப் பொதிகள் எழும்பும். ஒரு மணி, இரண்டு மணிக்கு அவற்றின் அடிப்பாகம் கறுத்து இடி கேட்கும். மாலையில் அந்த மழையின் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி, பீனிக்ஸ் சமவெளியை நோக்கி ஓடி வரும். மேகத்துக்குக் கீழே உள்ள காற்று வறண்டு கிடப்பதால், மழைத்தாரை தரையைத் தொடுவதற்கு முன்பே பாதி ஆவியாகிவிடும். அந்த ஆவியாதல் காற்றைக் குளிரவைத்துக் கனமாக்குகிறது. கனத்த காற்று தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. வழியில் காய்ந்த வயலும் வெற்று நிலமும் இருந்தால் புழுதிச் சுவர் தயார். 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை விழுங்கிய சுவர் சுமார் 5,000 அடி உயரம். அதைக் கிளப்பிய இடிமழை நகரத்துக்குத் தென்கிழக்கே, வெகுதூரத்தில் பெய்தது.

நெடுஞ்சாலையில் புழுதி வந்து மூடினால் என்ன செய்வது என்பதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது. சாலையை விட்டு முடிந்தவரை தள்ளி வண்டியை நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள், அபாய விளக்கையும் சேர்த்துத்தான். கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, கால்பிரேக்கிலிருந்து பாதத்தை எடுங்கள். இருட்டில் விளக்கை அணைப்பதாவது என்று தோன்றும். ஆனால் கண் தெரியாமல் பின்னால் வருபவர், உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து 'சாலை அங்கேதான் போகிறது' என்று நினைத்து நேராக வந்து மோதுவார். கால் பிரேக்கில் இருந்தாலும் அதே சிவப்பு விளக்கு எரியும். பெரும்பாலான புழுதிப்புயல்கள் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடும், பொறுங்கள்.

ஓடை விஷயத்தில் நான் இன்னும் கறார். 1997 ஆகஸ்ட் 12 அன்று, இதே மாநிலத்தின் வட எல்லையில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி, மேட்டுப் பகுதியில். ஓக் கிரீக்கின் தண்ணீரும் வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து மேட்டிலிருந்துதான் இறங்குகிறது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பீனிக்ஸ் முன்னறிவிப்பை அல்ல, அந்த மேட்டுப் பகுதிக்கான முன்னறிவிப்பை. ஓடையில் இருக்கும்போது தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, துணிமணியைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் மேலே ஏறுங்கள். இடி கேட்டால் காருக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள்.

திரும்பும் வழியில் சாலைத் தாழ்வில் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள். ஓரடி ஆழத்தில் ஓடும் தண்ணீர் சிறிய காரை நகர்த்திவிடும். தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டினால், மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'.

இனி அப்பாவுக்கு. ஐயா, 112 டிகிரி என்பது 44 செல்சியஸுக்கும் மேல். மதுரையில் சட்டை நனைந்தால் உடம்பு சொல்கிறது, நாம் நிழலுக்குப் போகிறோம். இங்கே வியர்வை சுரந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாது, தோலில் வெள்ளையாக உப்பு மட்டும் நிற்கும். நீர் இழப்பு தெரியாமலே நடக்கும். பீனிக்ஸ் அடங்கிய மாரிகோபா கவுண்டியில் 2023இல் மட்டும் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பயணத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். ஐஸ் பெட்டியில் உப்புப் போட்ட நீர்மோர் எடுத்துப் போவதை நான் மனதார ஆதரிக்கிறேன். தார்த்தரையில் வெறுங்காலோடு இறங்கினால் கொப்புளம் நிச்சயம். காரிலிருந்து இறங்கும் முன்பே அம்மா செருப்பைப் போட்டுக்கொள்ளட்டும். பேச்சு குழறினால், தடுமாறினால், அது அசதி அல்ல, வெப்பவாதம். உடனே 911ஐ அழையுங்கள்; ஆள் வரும்வரை உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்.

வண்டியில் ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். ஏசி ஓடும்வரைதான் கார் நிழல், நின்றுபோனால் அடுப்பு.

வெள்ளிக்கிழமை இரவு முன்னறிவிப்பை ஒருமுறை பாருங்கள். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் மழை வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தாலோ, திடீர் வெள்ள எச்சரிக்கை இருந்தாலோ ஓடையை மறந்துவிடுங்கள். ஓக் கிரீக் பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது, அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. அன்றைக்கு நெடுஞ்சாலை வழியே நேராக ஃபிளாக்ஸ்டாஃபுக்கே போய்விடலாம். சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர், பீனிக்ஸைவிட வெகுவாகக் குளிர்ச்சி. 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டாலும் அப்பாவுக்குப் பொழுது நன்றாகப் போகும்.