துப்பறியும் நாவலுக்குள் விஞ்ஞானம்: எட்கர் வாலஸ் கேள்வி பதில்

ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியர் எட்கர் வாலஸ் (1875–1932) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சில கதைகளின் முடிவு வெளியே வந்துவிடும், படிக்காதவர்கள் உஷார்.

கேள்வி: ஸ்காட்லாந்து யார்டு, முகமூடி, வாரிசுச் சொத்து என்று எழுதித் தள்ளியவர் வாலஸ். அவரை விஞ்ஞானக் கதைக்காரர் வரிசையில் சேர்ப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? – திருநெல்வேலி வாசகர்

வரிசையில் உட்கார வைக்க வேண்டாம், ஓரமாக ஒரு நாற்காலி போடலாம். அவருடைய 170க்கும் மேற்பட்ட நாவல்களில் முழுக்க முழுக்க அந்த ரகம் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. ஆனால் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்த த்ரில்லர்கள் நிறைய.

விஞ்ஞானத்திடமிருந்து அவர் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: கெடு. இந்தத் தேதிக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் கோதுமை போச்சு. இந்த நாளில் வால்நட்சத்திரம் வந்து மோதும். இத்தனை நாளில் ஊருக்கே கண் தெரியாமல் போகும். எச். ஜி. வெல்ஸ் ஒரு கண்டுபிடிப்பை எடுத்தால், அதனால் சமூகம் என்ன ஆகும் என்று யோசிப்பார். வாலஸ் அதே கண்டுபிடிப்பை எடுத்தால், போலீஸ்காரர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டியிருக்கும் என்று யோசிப்பார். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் உலகம் முதல் பக்கத்தில் இருந்த மாதிரியே இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் விற்றது பரபரப்பு. அதற்கு இது போதும்.

கேள்வி: 'தி ஃபோர் ஜஸ்ட் மென்' நாவலில் பூட்டிய அறைக்குள் மந்திரி சாகிறாரே, அந்த முறை நிஜத்தில் நடக்குமா? – ஈரோடு வாசகர்

1905இல் வாலஸ் தன் சொந்தப் பணத்தில் வெளியிட்ட நாவல். வெளியுறவு மந்திரி சர் ஃபிலிப் ராமோன் எப்படிச் செத்தார் என்று சரியாகச் சொல்லும் வாசகர்களுக்கு மொத்தம் 500 பவுன் பரிசு என்று விளம்பரம் செய்தார். எத்தனை பேருக்குப் பரிசு என்று வரம்பு போட மறந்துவிட்டார். சரியான விடை நிறைய வந்து சேர்ந்தது. புத்தகம் நன்றாக விற்றும் மனிதர் கடனாளி ஆனார்.

விடை: தொலைபேசிக் கம்பி வழியாக மின்சாரம். கையில் ஒரு கரும்புள்ளி மட்டும் தடயம்.

நடக்குமா என்றால், நடக்கலாம். ஆனால் கதையில் வருகிற நிச்சயத்தோடு நடக்காது. தொலைபேசி இணைப்பில் வழக்கமாக ஓடும் சில பத்து வோல்ட் மின்சாரம் ஆளைக் கொல்லாது. ஆகவே விளக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். 240 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஈரக் கையின் தடை சுமார் 1,000 ஓம். உடம்பில் 240 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் பாதிகூட வேண்டாம். அதே கை நன்றாகக் காய்ந்திருந்தால் தடை 1,00,000 ஓம் வரை போகும். அப்போது பாய்வது 2.4 மில்லி ஆம்பியர்; மந்திரி "ச்சே" என்று கையை உதறிவிட்டு அடுத்த கோப்பைப் பார்ப்பார். தவிர, மின்சாரம் உடம்புக்குள் வந்தால் வெளியேற ஒரு வழியும் வேண்டும்: தரையோ, இன்னொரு உலோகமோ. மரத்தரை, கம்பளம், தோல் செருப்பு என்று இருந்தால் சுற்று முழுமையாகாது.

இந்தச் சந்தேகங்கள் ஒன்றும் படிக்கும்போது எழாததற்குக் காரணம், கொலை நடக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு நம் கண்ணைக் கடிகாரத்தின் மேல் நிறுத்தியதுதான்.

கேள்வி: 'தி கிரீன் ரஸ்ட்' நாவலில் ஒரு டாக்டர் பூஞ்சையால் உலகத்துக் கோதுமையை எல்லாம் அழிக்கத் திட்டம் போடுகிறாரே. வேளாண்மை படித்தவர்கள் இதை நம்பலாமா? – கோயம்புத்தூர் வாசகர்

பாதி நம்பலாம். அந்தப் பாதியே போதுமான அளவு பயங்கரம்.

நாவல் வந்தது 1919இல். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1916இல், கோதுமைத் தண்டுத் துரு நோய் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 30 கோடி புஷல் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) தானியத்தைத் தின்று தீர்த்திருந்தது. அந்தத் துருவுக்கு இன்னொரு இருப்பிடம் பார்பெரி என்ற முள்செடி. 1918இல் அமெரிக்க அரசு அந்தச் செடியை ஊர் ஊராக வேரோடு பிடுங்கும் வேலையைத் தொடங்கியது. ஆக, துரு என்ற சொல்லைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும் காலத்தில் வாலஸ் அதைக் கையில் எடுத்தார்.

இப்போது டாக்டர் வான் ஹீர்டனின் திட்டத்தில் உள்ள ஓட்டைகள். முதலாவது, துருப் பூஞ்சை உயிருள்ள பயிரின் மேல்தான் வாழும். ஆய்வகக் கூழில் தனியாக வளர்க்க 1960கள் வரை யாராலும் முடியவில்லை. வேண்டுமளவு விதைத்தூள் சேகரிக்க, முதலில் அவரே ஏக்கர் கணக்கில் கோதுமை பயிரிட்டு, அதில் நோயை உண்டாக்கி, தூளைத் தட்டி எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, தூள் இலையில் விழுந்தால் மட்டும் போதாது. இலை ஆறு முதல் எட்டு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். பனியோ தூறலோ இல்லாத வாரத்தில் தூவினால் தூவிய கூலி நஷ்டம். மூன்றாவது, ஒரு துரு இனம் எல்லாக் கோதுமை ரகத்தையும் தாக்காது. நான்காவதுதான் பெரிய ஓட்டை: ஜூன் மாதம் கான்சாஸில் அறுவடை, கனடாவில் பயிர் பச்சை, ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் விதைப்பு. உலகம் முழுதும் ஒரே சமயத்தில் அடி விழச் செய்ய முடியாது. கெடு வேண்டும் என்பதற்காக வாலஸ் பருவங்களைச் சற்றே மறந்துவிட்டார்.

ஆனாலும் யோசனை அபத்தம் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்க ராணுவமே இந்த நோய்த்தூளைச் சேமித்து வைத்தது. வான்கோழி இறகுகளில் தூளைப் பூசிக் குண்டுக்குள் அடைத்து வீசும் முறையையும் சோதித்தது. 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 இனம், அதுவரை நோய் தாங்கும் என்று நம்பியிருந்த பல ரகங்களை வீழ்த்தியது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோடையில் வட இந்தியச் சமவெளியில் கோதுமையே இருக்காது, துருவுக்கும் அங்கே வாழ இடமில்லை. அது நீலகிரி, பழனி மலைகளில் ஒதுங்கி இருந்துவிட்டுக் காற்றோடு வடக்கே போகிறது. நீலகிரி வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது சும்மா இல்லை.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பூஞ்சை அல்ல, பணம். உலகத்தையே பட்டினி போடப் போகிற டாக்டருக்கு ஆராய்ச்சிச் செலவுக்குக் காசு போதவில்லை. அதனால்தான் பெரும் சொத்துக்கு வாரிசான ஒலிவா என்ற பெண்ணை வளைக்கப் பார்க்கிறார். வழக்கமான வாரிசுக் கதையும் விஞ்ஞானக் கதையும் இந்த ஒரே ஆணியில் தொங்குகின்றன.

கேள்வி: மண்புழுவை வெறுக்கும் வில்லன் ஒருவன் உண்டாமே, நிஜமா? – திருச்சி வாசகர்

நிஜம். 1921இல் வந்த 'தி லா ஆஃப் தி ஃபோர் ஜஸ்ட் மென்' தொகுப்பில் ஒரு சிறுகதை. மண்புழு ஒழிந்தால் மண் செத்துவிடும், மண் செத்தால் மனிதன் கதி அதோகதி என்பது கணக்கு. கணக்கின் அடிப்படை டார்வின் 1881இல் எழுதிய மண்புழு நூல். ஏக்கருக்கு 53,767 புழுக்கள் என்று ஹென்சன் என்ற ஆய்வாளர் போட்ட மதிப்பை டார்வின் அதில் எடுத்தாள்கிறார். கேட்டால் சிரிப்பு வரும், யோசித்தால் வராது. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கேள்வி: 'பிளானட்டாய்ட் 127' பற்றிச் சொல்லுங்கள். சூரியனுக்கு அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் ஒரு கிரகம் ஒளிந்திருக்க முடியுமா? – யாழ்ப்பாணம் வாசகர்

சிறுவர் பத்திரிகை ஒன்றில் 1924இல் வந்து, 1929இல் புத்தகமானது. அதே 1924 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு மிக அருகே வந்தது. அங்கிருந்து சமிக்ஞை வருகிறதா என்று ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவர்கள் அன்று பலர். வாலஸ் செவ்வாயை விட்டுவிட்டு, பூமியின் பாதையிலேயே, சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓர் இரட்டை உலகத்தை வைத்தார். பேராசிரியர் கோல்சன் அந்த உலகத்தோடு ரேடியோவில் பேசுகிறார். அங்கு நடப்பதைத் தெரிந்துகொண்டு இங்கே பங்குச் சந்தையில் லாபம் பார்க்கிறார். வேற்றுலகத் தொடர்பு கிடைத்தவுடன் பங்கு வாங்கப் போகிறார் பாருங்கள், இதைவிட வாலஸ் முத்திரை வேறு வேண்டுமா? ரகசியத்துக்காகப் பேராசிரியர் கொல்லப்படுகிறார். அதன்பின் கதை பழகிய தடத்தில் ஓடுகிறது.

இனி வானியல். எதிர்ப்பூமி என்ற எண்ணம் பழைய கிரேக்கத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஃபிலோலாஸிடமே உண்டு. ஆனால் அவர் நடுவில் வைத்தது சூரியனை அல்ல, ஒரு மைய நெருப்பை.

பூமியின் பாதை வட்டமாக இருந்தால் எதிர்ப்பூமி எப்போதும் சூரியனுக்குப் பின்னால் மறைந்தே இருக்கும். பாதையோ நீள்வட்டம். அதே நீள்வட்டத்தில் அரை ஆண்டு பின்தங்கி ஒரு கிரகம் வந்தால், நாம் வேகமாகப் போகும் மாதங்களில் அது மெதுவாகப் போகும். நேர் எதிர் என்ற நிலை கலைந்து, பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் மையத்திலிருந்து ஏறக்குறைய 1.9 பாகை வரை விலகும். சூரியத் தட்டின் பாதி அகலம் கால் பாகைதான். முழுச் சூரிய கிரகணத்தின்போது குட்டு வெளிப்பட்டிருக்கும். நீள்வட்டத்தையே எதிர்த்திசையில் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் வெள்ளி விடாது. எதிர்ப்புள்ளியிலேயே நிலைத்திருக்க இயற்கையில் பிடிமானம் ஏதும் இல்லை. வெள்ளி அடிக்கடி அருகே வந்து இழுத்து, சில நூறு ஆண்டுகளுக்குள் கிரகத்தைப் பாதையில் முன்னேயோ பின்னேயோ தள்ளிவிடும். 2011 பிப்ரவரியில் ஸ்டீரியோ விண்கலங்கள் இரண்டும் சூரியனுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று முழுச் சூரியனையும் பார்த்தன. கோல்சனின் நண்பர்கள் யாரும் தென்படவில்லை.

ரேடியோவுக்கும் இடைஞ்சல் உண்டு. தூரம் சுமார் 30 கோடி கி.மீ. ஒரு வார்த்தை போய்ச்சேர 16 நிமிடம் 38 நொடி. கேள்விக்குப் பதில் வர 33 நிமிடத்துக்கு மேல். நடுவில் 14 லட்சம் கி.மீ. குறுக்களவில் சூரியன் நிற்கிறது. அதை ஊடுருவி அலை வராது.

கேள்வி: பெருந்தொற்று, வால்நட்சத்திரம் என்று எழுதினாராமே? – சென்னை வாசகர்

1918 இன்ஃபுளூயன்சாவின் சூடு ஆறுவதற்குள், ஸ்ட்ராண்ட் என்ற ஆங்கிலப் பத்திரிகையின் 1920 மார்ச் இதழில் 'தி பிளாக் கிரிப்' வந்தது. நோய் ஊரையே சில நாட்கள் குருடாக்கும் என்று ஒரு மருத்துவருக்கு முன்பே தெரிகிறது. நோயை நிறுத்த முடியாது. வருவதற்குள் என்னென்ன ஏற்பாடு செய்யலாம் என்பதுதான் கதை. சின்னக் கதை. என் கணக்கில் அவருடைய விஞ்ஞானக் கதைகளில் இதுவே முதலிடம்.

'தி டே ஆஃப் யுனைட்டிங்' 1926இல் புத்தகமானது. வால்நட்சத்திரம் மோதப்போவது பிரதமருக்கும் ஒரு சிலருக்கும் மட்டும் தெரியும். காரணம் சொல்லாமலே, குடும்பங்கள் எல்லாம் ஒன்றுசேர ஒரு நாளை அரசுகள் அறிவிக்கின்றன. மக்கள் அதைக் கொண்டாட்டம் என்று நினைக்கிறார்கள். அருமையான கரு. ஆனால் பக்கங்களில் பெரும்பகுதி 'ரகசியம் யாருக்குத் தெரியும்' என்ற துரத்தலிலேயே தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: கிங் காங் கதை யாருடையது? வாலஸா, கூப்பரா? – மதுரை வாசகர்

வாலஸ் 1931 டிசம்பரில் ஹாலிவுட் போனார். ஜனவரி தொடக்கத்தில் 'தி பீஸ்ட்' என்ற தலைப்பில் சுமார் 110 பக்கத் திரைக்கதையை எழுதி முடித்தார். பிப்ரவரி 10ஆம் தேதி நிமோனியாவிலும் நீரிழிவிலும் இறந்துபோனார். ராட்சதக் குரங்கு என்ற மூலக் கற்பனை, படத்தின் இயக்குநர்களில் ஒருவரான மெரியன் கூப்பருடையது. நாம் பார்க்கும் படத்தின் திரைக்கதை ஜேம்ஸ் கிரீல்மனும் ரூத் ரோஸும் எழுதியது. படம் வந்தது 1933இல். வாலஸ் ஒரு சொல்கூட எழுதவில்லை என்று கூப்பர் பின்னாளில் சொன்னார். கையில் இருக்கும் திரைக்கதைப் பிரதி அதை மறுக்கிறது. வாலஸுக்குக் குரங்கும் புதிதல்ல. 1926இல் வந்த 'தி அவெஞ்சர்' நாவலில் வில்லன் ஏவியதைச் செய்யும் பாக் என்ற ஒராங்குட்டான் வருகிறது.

கேள்வி: இதே பாணியில் தமிழில் ஒரு தொடர் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – சேலம் வாசகர்

தேதியிலிருந்து. கண்டுபிடிப்பை யோசிப்பதற்கு முன்னால், எந்த நாளுக்குள் என்ன நடந்தே தீரும் என்பதை முடிவு செய்யுங்கள். பிறகு, ஒரே ஒரு பொய் விஞ்ஞானத்துக்கு மட்டும் அனுமதி. பஸ், போன், போலீஸ் ஸ்டேஷன், வட்டிக்கடை எல்லாம் நிஜத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும். இரண்டாவது அதிசயம் நுழைந்தால் முதலாவதன் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். அடுத்து, செலவு யாருடையது என்று கேளுங்கள். வான் ஹீர்டன் நினைவிருக்கட்டும். விஞ்ஞானி மூன்று பக்கம் பாடம் நடத்தினால் தொடர் அங்கேயே படுத்துவிடும். விளக்கத்தைத் துண்டு துண்டாக்கி, விஷயம் பாதி புரிந்தவர்கள் வாயில் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாலஸ் மெழுகு உருளை சுழலும் டிக்டாஃபோன் என்ற குரல்பதிவுக் கருவியில் வாயால் சொல்லிக்கொண்டே போவார். செயலாளர் கேட்டுத் தட்டச்சு செய்வார். 'தி டெவில் மேன்' ஒரே வார இறுதியில் முடிந்தது. வேகம் கிடைக்கும், ஆனால் திரும்பிப் பார்த்துத் திருத்துவது கடினம். குற்றக் கதை அதைத் தாங்கும். விஞ்ஞானம் கலந்தால் தாங்காது. தூரம், நேரம், அளவு மூன்றையும் தனித்தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொண்டு பேசுங்கள்.

கேள்வி: இவற்றைத் தமிழில் மொழிபெயர்க்க அனுமதி வாங்க வேண்டுமா? – புதுச்சேரி வாசகர்

அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட கதைகளுக்கு வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான் உரிமை. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அவர் இறந்தபின் பிறர் கை வைத்து முடித்து வெளியிட்ட நூல்களிலும், கிங் காங் தொடர்பான எதிலும் மட்டும் வக்கீலைக் கேட்காமல் இறங்க வேண்டாம். 'தி பிளாக் கிரிப்' சிறியது, அதில் தொடங்குங்கள்.