கிண்டியில் இடம் கிடைக்குமா? வாசகர் கேள்வி – பதில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகக் கல்லூரிகள் நான்கு. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி ஆகிய மூன்றும் கிண்டியில் இருக்கின்றன. எம்ஐடி எனப்படும் மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் குரோம்பேட்டையில் இருக்கிறது. இந்த நான்கில் இடம் பிடிப்பது பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில்.

*என் மகன் கணிதத்தில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 97 வாங்கியிருக்கிறான். கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? ஜேஇஇ எழுதியிருக்க வேண்டுமா? – ஒரு தந்தை, விழுப்புரம்*

தனி விண்ணப்பம் கிடையாது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு ஆன்லைனில் பதிவு செய்தால் போதும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய்; எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி மாணவர்களுக்கு 250. கிண்டியும் அந்தக் கலந்தாய்வில் வரும் கல்லூரிகளில் ஒன்றுதான். அதன் குறியீட்டு எண் 1. அழகப்பா 2, கட்டடக்கலைப் பள்ளி 3, எம்ஐடி 4. ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு தேவையில்லை. மாநில நுழைவுத் தேர்வை 2006-ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்துவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் கணக்கு. பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் படிப்புக்கு மட்டும் தனித் தகுதித் தேர்வு வேண்டும். அந்தச் சேர்க்கை வேறு.

தரவரிசைக்கு எடுக்கும் மதிப்பெண்ணான கட்-ஆஃபைப் போடுவோம். கணிதம் முழுசாக 98, இயற்பியலில் பாதி 47.5, வேதியியலில் பாதி 48.5, மொத்தம் 200-க்கு 194. இதே 194-ஐ இன்னொரு மாணவி 98, 97, 95 என்றும் மூன்றாமவர் 97, 98, 96 என்றும் எடுத்திருக்கலாம். மூவரில் யார் முன்னே? முதலில் கணிதம் பார்ப்பார்கள். 97 எடுத்தவர் பின்னுக்குப் போவார். மிச்ச இருவரில் இயற்பியலில் 97 எடுத்த மாணவி முன்னே, உங்கள் மகன் நடுவே. அதிலும் சமம் என்றால் நான்காம் பாடத்தைப் பார்ப்பார்கள். இப்படியே பிரித்துக்கொண்டு போய், எல்லாவற்றிலும் சமமாக நிற்பவர்களுக்குக் கடைசியாகத்தான் கணினி தரும் ரேண்டம் எண். பதிவு முடிந்ததும் வரும் அந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்துக் கவலைப்படும் வீடுகள் நிறைய. அது வேலை செய்யும் சந்தர்ப்பம் மிகக் குறைவு.

கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் போட்டியில் 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும். 194-க்கு அங்கே எட்டாது. ஆனால் கிண்டி என்றால் கம்ப்யூட்டர் மட்டுமா? ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங், மைனிங், இண்டஸ்ட்ரியல் எல்லாம் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன. அழகப்பாவில் தோல் தொழில்நுட்பம் சேர்பவருக்கு எதிரே சர்தார் படேல் சாலையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு படிப்பு நடக்கிறது. இதையெல்லாம் விசாரிக்காமலே ஒதுக்குகிறவர்கள் அதிகம்.

கட்-ஆஃபை விட ரேங்கைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் 194-க்கு மேல் கூட்டம் நிற்கும். கடினமான ஆண்டில் அதே 194 நல்ல இடம். போன ஆண்டு ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் வகுப்புவாரி (பிசி, எம்பிசி போன்ற) ரேங்க் என்ன, உங்கள் மகனுடைய வகுப்புவாரி ரேங்க் என்ன என்று ஒப்பிடுங்கள்.

*சிபிஎஸ்இ மாணவர்களுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுகிறார்கள், ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்கு நஷ்டம் என்கிறார்களே? – வாசகி, கோவை*

கூட்டிப் போடுவதில்லை, சமன் செய்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த வாரியத்தின் முதல் மதிப்பெண்ணைச் சமமாக வைப்பார்கள். ஸ்டேட் போர்டில் இயற்பியலில் உச்சம் 100, இன்னொரு வாரியத்தில் உச்சம் 90 என்று வையுங்கள். அந்த 90-ஐ 100 ஆக எடுப்பார்கள். அங்கே 60 வாங்கியவருக்கு 66.66 ஆகும். இரண்டு வாரியத்திலும் உச்சம் 100 என்றால் ஒரு புள்ளிகூட மாறாது. உச்ச மதிப்பெண் 100-ஐத் தொடும் பாடங்களில் இந்தக் கணக்கால் யாருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

*நாங்கள் எந்த இட ஒதுக்கீட்டிலும் வராதவர்கள். எங்களுக்கு 31 சதவீத இடம் என்று எடுத்துக்கொள்ளலாமா? – தஞ்சாவூர் வாசகர்*

கூடாது. 31 சதவீதம் என்பது பொதுப் போட்டி. எல்லா வகுப்பினரும் அதில் வருவார்கள். ஒரு பிரிவில் 60 இடம் என்றால் பொதுப் போட்டிக்கு 18.6, பிசி 26.5 சதவீதத்துக்கு 15.9, பிசி முஸ்லிம் 3.5-க்கு 2.1, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20-க்கு 12, எஸ்சி 15-க்கு 9, எஸ்சிஏ 3-க்கு 1.8, எஸ்டி 1-க்கு 0.6. கூட்டினால் 60. ஒரு பிசி மாணவரின் ரேங்க் பொதுப் போட்டிக்குள் வந்தால் அவர் அந்த 18.6-இலிருந்துதான் இடம் எடுப்பார். பிசி இடத்தைத் தொடமாட்டார்.

மிச்ச 69 சதவீத இட ஒதுக்கீடு சட்டப்படி எப்படி நிற்கிறது என்றும் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். 1992-இல் உச்ச நீதிமன்றம் 50 சதவீத வரம்பு போட்டது. தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வழியே அது அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்ந்தது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மத்திய அரசின் 10 சதவீத ஈடபிள்யூஎஸ் ஒதுக்கீடு இந்தக் கலந்தாய்வில் கிடையாது. அதற்காகச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டாம்.

*அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த என் தங்கைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிண்டி கிடைக்குமா? அவள் ஆறாம் வகுப்பு மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாள். – தேனி*

அந்த ஒரு வருடம்தான் இடிக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. விலக்கு ஒன்றே ஒன்று: கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உண்டு. பெயரை வைத்து முடிவுகட்ட வேண்டாம். மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் வகை என்ன என்று பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்) பதிவையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஊரார் அரசுப் பள்ளி என்றே சொல்லும் சில பள்ளிகள் உதவி பெறும் பள்ளிகளாக இருக்கும். இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.

தகுதி இருந்தால் விடக்கூடாத ஒதுக்கீடு இது. 60 இடத்தில் 4.5 வரும், அதற்குத் தனித் தரவரிசை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கும். இதில் வருபவர் பொதுக் கலந்தாய்விலும் போட்டியிடலாம். தகுதி இல்லை என்றாலும் உங்கள் தங்கை பொதுக் கலந்தாய்வில் தன் வகுப்பு ஒதுக்கீட்டோடு நிற்கலாம். முதல் பட்டதாரியாக இருந்தால் அந்தச் சான்றை இ-சேவையில் இப்போதே வாங்கி வையுங்கள்.

*கலந்தாய்வில் கல்லூரி, பாடப்பிரிவு சாய்ஸை எப்படி வரிசைப்படுத்துவது? எட்டாத கல்லூரியை மேலே போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும் என்று பள்ளியில் சொன்னார்கள். பிறகு ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ என்றால் என்ன? – மாணவி, சேலம்*

பள்ளியில் சொன்னது தவறு. கை நழுவிப் போகும் இடங்களில் பல இந்தத் தவறான எண்ணத்தால்தான் போகின்றன.

கணினி செய்வது இவ்வளவுதான். ரேங்க் வரிசையில் உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலின் முதல் வரியை எடுக்கும். அங்கே பொதுப் போட்டி இடம் இருக்கிறதா, இல்லையென்றால் உங்கள் வகுப்பு இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் அடுத்த வரி. இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவே பார்க்காது. ஆகவே எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. உறுதியாகக் கிடைக்கும் ஒன்றை மேலே போடுவதுதான் ஆபத்து. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உங்கள் மனசுக்குப் பிடித்த வரிசையில் போடுங்கள். கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள்.

குறியீட்டு எண்ணைக் கவனியுங்கள். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளின் பெயரிலும் அண்ணா பல்கலைக்கழகம் வரும்; பெயரைப் பார்த்து அவசரத்தில் தட்டிவிட்டு, அலாட்மென்ட் வந்தபிறகு அழுதவர்கள் உண்டு. சென்னை வளாகம் என்றால் 1, 2, 3, 4 மட்டுமே. அதேபோல ஒரே பாடப்பிரிவு ‘சுயநிதி’ என்றும் தனிக் குறியீட்டில் இருக்கும்; கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸே இரண்டு வரியாக வரும். கட்டணம் வேறு, பட்டம் ஒன்றுதான். கட்டணம் பரவாயில்லை என்றால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான். ஐந்து பொத்தான்கள் இருக்கும். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் இதுவே போதும், கல்லூரியில் போய்க் கட்டணம் கட்டிச் சேர்கிறேன். ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ என்றால் இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் மாற்றிக்கொடுங்கள். இதைத் தட்டியவர் கட்டணத்தைப் பொறியியல் சேர்க்கைச் சேவை மையத்தில் கட்ட வேண்டும். ‘டிக்ளைன் அண்ட் அப்வேர்டு’ என்றால் இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும். மற்ற இரண்டில் ஒன்று அடுத்த சுற்றுக்குப் போவது, இன்னொன்று கலந்தாய்வையே விட்டு விலகுவது.

அப்வேர்டு என்றால் உங்கள் பட்டியலில் கிடைத்த வரிக்கு மேலே உள்ளவை மட்டும். மூன்றாவது சாய்ஸ் கிண்டி சிவில் கிடைத்து, நான்காவதாக எம்ஐடி எலெக்ட்ரானிக்ஸ் எழுதியிருந்தால், அந்த எம்ஐடி இடம் காலியானாலும் உங்களுக்கு வராது. மேலே ஏறிவிட்டால் பழைய இடம் தானாக ரத்தாகும், திரும்பிவர முடியாது. ஆகவே மனசில்லாத ஒன்றை மேலே போடவே கூடாது. எதைத் தட்டினாலும் கெடுவுக்குள் கட்டணம் கட்டவில்லை, கல்லூரியில் சேரவில்லை என்றால் இடம் போய்விடும். நெட் சென்டரில் தட்டுகிறவர்கள் ஓடிபி வரும் கைபேசியைக் கையோடு கொண்டுபோங்கள். அப்பா வேலைக்கு எடுத்துப்போன போனில் ஓடிபி போய்ச் சிக்கினவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

*இவ்வளவு போட்டி இருக்கும்போது கிண்டியில் ஏன் இடத்தை இரட்டிப்பாக்கக் கூடாது? ஒருபக்கம் இடங்கள் காலியாகவும் கிடக்கின்றனவே? – ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

பொறியியல் கல்லூரிகளில் ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் என்ற எண்ணிக்கைக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி வேண்டும். முன்பு ஒரு பாடப்பிரிவுக்கு உச்ச வரம்பே இருந்தது. 2024–25 முதல் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். சில தனியார் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பிரிவு திடீரென்று வீங்கியதற்குக் காரணம் அதுதான். அரசுப் பல்கலைக்கழகத்துக்குத் தாள் அனுமதி மட்டும் போதாது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. 60 பேரைக் கூட்டினால் நான்கு ஆண்டில் 240 பேர். அதற்கே 12 ஆசிரியர் பணியிடம் வேண்டும். பணியிடத்துக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். ஆய்வகமும் விடுதியும் அதன் பிறகு. வெளிநாட்டு மாணவர், வளைகுடாவில் வேலை செய்வோரின் பிள்ளைகள் ஆகியோருக்கான கூடுதல் இடங்கள் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேலே வருபவை. அவற்றால் உள்ளூர் மாணவருக்கு இடம் குறையாது.

காலியிடம் வேறு விஷயம். கிண்டியில் சேர்ந்த மாணவர் ஐஐடி, என்ஐடி அல்லது மருத்துவம் கிடைத்ததும் போய்விடுவார். மருத்துவக் கலந்தாய்வு பொறியியல் சுற்றுகள் முடிந்த பிறகும் நீளும். அப்போது காலியாகும் இடத்தை நிரப்பக் கலந்தாய்வு இருக்காது. அந்த ஆண்டு அந்த நாற்காலி காலிதான். அப்வேர்டு முறை சுற்றுக்குள் விழும் காலியிடத்தைத்தான் நிரப்பும். மருத்துவம்தான் லட்சியம் என்று தெளிவாக இருப்பவர்கள் கிண்டியில் ஒரு இடத்தைப் பிடித்து வைப்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் அதனால் பின்னால் நிற்கும் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்காமலே போகிறது என்பதைத் தெரிந்து செய்யட்டும்.

*மகள் பெங்களூரில் பத்து முதல் பன்னிரண்டு வரை படித்தாள். விண்ணப்பிக்கலாமா? ஒருவர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிண்டியே வாங்கித்தருவதாகச் சொல்கிறார். – ஓசூர் வாசகர்*

விண்ணப்பிக்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படித்தவருக்கு இருப்பிடச் சான்று (நேட்டிவிட்டி) தேவையில்லை. உங்கள் மகளுக்குத் தேவை. தாலுகா அலுவலகம் வழியாக இ-சேவையில் விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். கர்நாடகச் சான்றிதழைக் கொடுத்தால் பொதுப் பிரிவில்தான் எடுப்பார்கள். தரவரிசை வந்ததும் அவள் எந்த வகுப்பில் காட்டப்பட்டிருக்கிறாள் என்று அன்றே பாருங்கள். குறை சொல்லச் சில நாள்தான் அவகாசம். சேவை மையத்தில் சொல்லித் திருத்த வேண்டும். சுற்று தொடங்கிவிட்டால் முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு: நிர்வாக ஒதுக்கீடு தனியார் சுயநிதிக் கல்லூரிகளில்தான் உண்டு. அவை 65 சதவீத இடங்களை, சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதத்தை, கலந்தாய்வுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தாங்களே நிரப்பும். கிண்டி, அழகப்பா, எம்ஐடி வளாகங்களில் அப்படி ஓர் ஒதுக்கீடே இல்லை. அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.