ஜூன் மாநாட்டுக்கு முன் வந்த கேள்விகள்: வடசேரிக் கடையிலிருந்து பதில்கள்

மே மாதம் கூகுளும் ஜூன் மாதம் ஆப்பிளும் மென்பொருள் உருவாக்குநர்களுக்காக ஆண்டுதோறும் மாநாடு நடத்துகின்றன. நாள் நெருங்க நெருங்க வதந்திகள் பெருகும். நாகர்கோவில் வடசேரியில் நான் நடத்தும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்குக் கேள்விகளும் பெருகும். திரை மாற்ற வந்த இடத்தில் கேட்டவர்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: அண்ணா, ஜூனில் புதிய ஐபோன் வருகிறது என்று யூடியூபில் சொல்கிறார்கள். அப்பா இப்போதே வாங்கித் தருகிறேன் என்கிறார். காத்திருக்கலாமா?

ஜூனுக்காகக் காத்திருக்க வேண்டாம், தங்கச்சி. அந்த மேடையில் கடைசியாக அறிமுகமான ஐபோன், 2010-ல் வந்த ஐபோன் 4. அதற்கும் இரண்டு மாதம் முன்பே, ஆப்பிள் ஊழியர் ஒருவர் கலிஃபோர்னிய மதுக்கூடம் ஒன்றில் தவறவிட்ட மாதிரிக் கருவி ஒரு செய்தித்தளத்தின் கைக்குப் போய், உள்ளும் புறமும் படமாக வெளியாகிவிட்டது. மறு ஆண்டு அறிமுகம் அக்டோபருக்குத் தள்ளிப் போனது. 2012 முதல் முதன்மை மாடல்களுக்குச் செப்டம்பர்தான் வழக்கம். 2020-ல் அது அக்டோபர் ஆனது. ஜூனில் அறிவிப்பது மென்பொருளை. அதனால் மாறப்போவது நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கைப்பேசிதான். செப்டம்பர் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள், பழைய மாடலின் விலை இறங்கும். கல்லூரி திறக்கும்போதே வேண்டுமென்றால் அப்பா மனம் மாறுவதற்குள் வாங்கிவிடுங்கள்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: என்னிடம் ஐபோன் எக்ஸ்ஆர் இருக்கிறது. இனி இது உதவாது, தூக்கிப் போடுங்கள் என்கிறான் மகன். உண்மையா?

தூக்கிப் போடாதீர்கள், டீச்சர். என்னைக் கேட்டால் மாநாட்டில் மக்கள் முதலில் பார்க்க வேண்டியது, புதிய பதிப்பு எந்தெந்த மாடல்களுக்குக் கிடைக்கும் என்ற பட்டியலைத்தான். மேடையில் அதை யாரும் உரக்க வாசிப்பதில்லை. 2023-ல் ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 17-ஆம் பதிப்பு வந்தபோது ஐபோன் 8, 8 பிளஸ், எக்ஸ் ஆகியவை விடுபட்டன. 2024-ல் ஐஓஎஸ் 18 எதையும் கைவிடவில்லை. 2025-ல் எண்ணை ஆண்டுக் கணக்குக்கு மாற்றி ஐஓஎஸ் 26 என்று அறிவித்தபோது எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், எக்ஸ்எஸ் மேக்ஸ் மூன்றும் வெளியே போயின. உங்கள் கருவி ஐஓஎஸ் 18-லேயே நிற்கும், அவ்வளவுதான்.

நின்றுவிட்டால் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய பதிப்புகளுக்கும் சில காலம் வந்துகொண்டிருக்கும். 2025-ல் வாட்ஸ்அப் கேட்ட குறைந்தபட்சப் பதிப்பே ஐஓஎஸ் 15.1தான். பேட்டரி மாத்திரம் தளர்ந்திருக்கும். அதை மாற்றினால் இன்னும் ஓரிரு ஆண்டுகள் வகுப்புக்கும் வீட்டுக்கும் தாராளமாக உழைக்கும்.

குலசேகரம், பொறியியல் மாணவர்: அண்ணாச்சி, இந்த வதந்திகள் எங்கிருந்து கிளம்புகின்றன? எதை நம்பலாம்?

நல்ல கேள்வி, தம்பி. செய்தியைக் கேட்டதும் நான் பார்ப்பது ஒன்றுதான்: சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்?

சட்டத்தைப் பார்த்துச் சொன்னால் நம்புவேன். ஐபோனுக்கு டைப்-சி துளை வரும் என்பதற்கு ஒற்றன் தேவைப்படவில்லை. 2024 டிசம்பருக்குள் எல்லாக் கைப்பேசிக்கும் அதே துளை வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-லேயே சட்டம் செய்துவிட்டது. 2023-ல் ஐபோன் 15 அதோடு வந்தது. அடுத்து, நிறுவனமே வெளியிட்ட மென்பொருளுக்குள் கிடைப்பவை. 2017-ல் ஹோம்பாட் ஒலிபெருக்கியின் மென்பொருள் முன்கூட்டியே வெளியானபோது, அதைத் துருவியவர்கள் ஐபோன் எக்ஸின் முன்பக்க வடிவத்தையே கண்டுபிடித்தார்கள். அது நிறுவனம் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தது மாதிரி.

கவர் தயாரிப்பாளர்கள் சொல்வதில்தான் கவனம் வேண்டும். கைப்பேசி வருவதற்கு முன்பே அதன் கவர்கள் அட்டைப் பெட்டியில் எங்கள் கடைகளுக்கு வந்து இறங்கிவிடும். அளவு பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால் முழுதாகத் தவறும். 2011-ல் மெலிந்து சரியும் முதுகோடு ஐபோன் 5 வருகிறது என்று நம்பிப் பலர் கவர்களை வார்த்துத் தள்ளினார்கள். வந்ததோ பழைய உடம்போடு ஐபோன் 4எஸ். நானும் ஓராண்டு மொத்த வியாபாரி ஒருவரின் பேச்சை நம்பி ஐம்பது கவர்கள் எடுத்தேன். கேமராவுக்கான ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. படம் எடுத்தால் ஓரத்தில் பிறை போலக் கறுப்பு. பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து கருவியைக் கையில் வைத்து அளக்காமல் கவர் எடுப்பதில்லை.

‘என் நண்பர் அங்கே வேலை செய்கிறார்’ என்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசைக் கட்டாதீர்கள்.

தூத்தூர், விசைப்படகுத் தொழிலாளி: டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி இந்த முறை எல்லாக் கைப்பேசிக்கும் வரும் என்கிறார்கள். ஆழ்கடலில் அதை நம்பலாமா, அண்ணாச்சி?

உங்கள் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஒக்கியை மறந்துவிட்டு இதற்குப் பதில் எழுத முடியாது. 2017 நவம்பர் இறுதியில் புயல் வந்தபோது, நம் கடற்கரை ஊர்களிலிருந்து போனவர்கள் பல நாள் தொலைவில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. கடலுக்குள் அதைக் கொண்டு சேர்க்க வழி இல்லை. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்களின் முகம் இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது.

இந்த வதந்தியின் வரலாற்றைப் பாருங்கள். 2021-ல் ஐபோன் 13-க்கே இது வரும் என்றார்கள், வரவில்லை. 2022-ல் ஐபோன் 14-ல் வந்தது. சேவை தொடங்கியதோ அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும். 2024 மாநாட்டில், அவசரம் இல்லாத சாதாரணச் செய்திகளையும் அப்படி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். ஆக, கருவியில் வசதி இருப்பது ஒன்று, நாட்டில் அனுமதி இருப்பது வேறு. இந்தியாவில் செயற்கைக்கோள் தொடர்புக்கு அரசின் உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவரும் செயற்கைக்கோள் கைப்பேசியைப் படகில் வைத்திருந்தால் வழக்கில் மாட்டுவீர்கள். தவிர, ஐபோனில் செய்தி போக வேண்டுமானால் திறந்த வானத்தின் கீழ் நின்று, செயற்கைக்கோள் இருக்கும் திசைக்குக் கருவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆடும் தளத்தில், மழையில், ஈரக் கையோடு அது எளிதான வேலையா?

நீங்கள் விசாரிக்க வேண்டியது இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவியை. மீனவர்களுக்கென்றே செய்தது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு மையங்களுக்குப் போகும். இரண்டாம் தலைமுறைக் கருவியில் ‘உங்கள் அழைப்பு கிடைத்தது’ என்ற பதிலும் படகுக்கு வரும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் அனுப்பலாம். புளூடூத்தில் கைப்பேசியோடு இணைத்து நம் மொழியிலேயே படிக்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், சங்கத்தின் வழியாகவும் கேளுங்கள். மாநாட்டில் எந்த அறிவிப்பு வந்தாலும், அந்தக் கருவி இல்லாமல் படகு இறங்க வேண்டாம்.

கோட்டாறு, மளிகைக் கடைக்காரர்: கைப்பேசியிடம் தமிழில் பேசினால் வேலை நடக்கும் காலம் இந்த மாநாட்டோடு வந்துவிடுமா?

ஓரளவு வந்தே விட்டது, அண்ணாச்சி. கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு வந்தது. ஆப்பிள் பக்கம் நிதானமாக இருங்கள். 2024 மாநாட்டில் காட்டிய, உங்கள் மின்னஞ்சலையும் நாட்குறிப்பையும் அறிந்து பதில் சொல்லும் ‘சிரி’ என்ற குரல் உதவியாளர் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் அவர்களே அறிவித்தார்கள். மேடையில் காட்டியது கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

என் கவலை வேறு. போன மாதம் கடைக்கு வந்த ஒரு பாட்டி, பேரன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியிடம், “காலையில் மருந்து எடுக்க ஓர்மைப்படுத்து” என்றார். மூன்று முறை சொன்னார். அது ஏதோ ஒரு ஊருக்கு வழி காட்டியது. ‘நினைவூட்டு’ என்று நான் சொன்னதும் உடனே நேரம் குறித்துக்கொண்டது. ஓர்மை என்பது நம் மாவட்டம் முழுக்கப் புழங்கும் சொல். பாட்டி சொல்லை மாற்றிக்கொள்வதை விடக் கருவி அதைக் கற்றுக்கொள்வதே முறை. மாநாட்டில் ‘இத்தனை மொழிகள்’ என்று எண்ணிக்கை சொல்வார்கள். குமரிப் பேச்சு அதற்குப் புரிகிறதா என்பதை நாம்தான் பேசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளச்சல், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்: மடக்கும் ஐபோன் ஜூனில் வருமா?

ஜூன் அதற்கான மேடை இல்லை. கூகுள்தான் 2023 மே மாநாட்டில் தன் மடக்குக் கைப்பேசியைக் காட்டியது. எதை வாங்கினாலும் கீலுக்குள் கடற்கரை மணல் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி, காற்றாலை ஊழியர்: ஐபோனை ஸ்ரீபெரும்புதூரிலேயே செய்கிறார்கள். பிறகு ஏன் விலை குறையவில்லை?

இங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தும் வேலை. சிப் தைவானில் உருவாகிறது. திரைகளும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மாநாட்டில் இதற்குப் பதில் கிடைக்காது.

கருங்கல், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: அறிவித்த அன்றே சோதனைப் பதிப்பை என் கைப்பேசியில் ஏற்றலாமா?

ஏற்ற முடியும். 2023 முதல் உருவாக்குநர்களுக்கான சோதனைப் பதிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதில்தான் அம்மாவின் வங்கிச் செயலியும் இருக்கிறது என்றால் ஏற்றவே வேண்டாம், தம்பி. பேட்டரி ஓடும், கருவி சூடாகும், வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப எல்லாவற்றையும் அழிக்க வேண்டிவரும். அக்காவின் திருமணப் படங்களை அப்படி இழந்து, என் மேசை முன்னால் அழுத ஒரு பையனுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. கணினியில் முழு நகல் எடுத்துவிட்டு, பழைய உதிரிக் கைப்பேசி இருந்தால் அதில் பாருங்கள்.

என் கடையில் தொழில் கற்கும் பையன்: எல்லாவற்றையும் பசை வைத்து ஒட்டிவிடுகிறார்கள். நம் வேலைக்கு மாநாட்டில் என்ன இருக்கிறது, அண்ணாச்சி?

இருக்கிறது. 2016 மே மாதம் கூகுள் மாநாட்டில், கேமராவையும் ஒலிபெருக்கியையும் செங்கல் போலக் கழற்றி மாட்டும் ‘புராஜெக்ட் ஆரா’ கைப்பேசியைப் பார்த்து நான் தூங்கவே இல்லை. செப்டம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பல நாள் மனது கனத்துக் கிடந்தது.

ஆனால் 2024-ல் ஐபோன் 16-ன் பேட்டரிப் பசை, 9 வோல்ட் பேட்டரியை இணைத்தாலே இளகிவிடும்படி வந்ததை நீயே பார்த்தாய். அதே ஆண்டு ஐஓஎஸ் 18-ல், மாற்றிய பாகத்தைக் கைப்பேசியிலேயே சரிபார்த்து அமைக்கும் வசதியும் வந்தது. அதற்கு முன் அசல் பாகத்தைப் போட்டாலும் ‘அறியாத பாகம்’ என்று வாடிக்கையாளரிடம் காட்டி நம் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. 2027 பிப்ரவரி 18 முதல் பயனரே பேட்டரியைக் கழற்ற வழி வேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஐரோப்பியச் சட்டம் சொல்கிறது. அந்தத் திசையில் மென்பொருள் என்ன விட்டுக்கொடுக்கிறது என்பதைத்தான் நான் இந்த முறை குறித்துக்கொள்ளப் போகிறேன். உனக்கும் ஒரு நோட்டு எடுத்து வை.

வடசேரி, பக்கத்துக் கடைத் தம்பி: நம் நேரப்படி எத்தனை மணிக்கு?

வழக்கப்படி கலிஃபோர்னியாவில் காலை 10 மணி, நமக்கு இரவு 10.30. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பேன், குனிந்து உள்ளே வந்துவிடுங்கள். ஜூன் மழைக்கு மின்சாரம் போகும். கைப்பேசியை முன்பே சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள்.