பாதியில் நிற்கும் ஸ்வெட்டர், தைக்காத பாவாடை: எப்படி முடிப்பது?

கேள்வி: பெங்களூருவில் இருக்கும் நாத்தனார் குழந்தைக்கு 6 மாத அளவில் முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினேன். முதுகும் ஒரு முன்பக்கமும் முடிந்தன. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. என் மகளுக்கு 6 வயதில் பட்டுப் பாவாடை வெட்டி வைத்தேன். இரண்டு தீபாவளி போய்விட்டது. பழைய புடவைகளைச் சதுரமாக வெட்டி விரிப்பு தைக்க நினைத்ததும் ஒரு மூட்டையாகக் கிடக்கிறது. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதில்லை. வெளியே வைத்தால் பிள்ளைகள் இழுக்கிறார்கள், பீரோவில் வைத்தால் மறந்துபோகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா?
– நங்கநல்லூர் வாசகி

பதில்: தூக்கிப் போடாதீர்கள். மூன்றையுமே மீட்கலாம். அளவையும் வடிவத்தையும் மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

நேரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கிற 20 நிமிடத்தில் பாதி, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடுகிறது. எந்த வரிசை, எந்த ஊசி, இந்தத் துண்டு இடதா வலதா என்று கண்டுபிடிப்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ஆகவே முதலில் பழக வேண்டியது நிறுத்தும் முறை. ஒரு வேலைக்கு ஒரு மஞ்சப்பை வையுங்கள். நூல், ஊசி, நூல்கண்டின் லேபிள், பொத்தான் என்று அந்த வேலைக்கு உரிய எல்லாமே அதற்குள் இருக்கட்டும். ஊசியை வேறு வேலைக்குக் கடன் வாங்காதீர்கள்; பின்னல் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். பைக்குள் ஒரு சீட்டு: எதுவரை முடிந்தது, அடுத்தது என்ன, என்ன வாங்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தை இந்தச் சீட்டுக்கென்றே ஒதுக்குங்கள். பையைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், உங்கள் கண்ணில் படும் ஆணியில் மாட்டுங்கள். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். துணி வெட்டுவதற்கும் கொசுவம் பிடிப்பதற்கும் தரையில் இடமும் பகல் வெளிச்சமும் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் ஒரு காலைப்பொழுது இதற்குத்தான். கை ஹெம்மிங், ஹூக் வைப்பது, ஸ்வெட்டர் கை பின்னுவது எல்லாம் பத்து நிமிடத் துண்டுகளாக நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் பட்டில் கத்தரி வைக்காதீர்கள்.

முதலில் பாவாடையை எடுங்கள், தீபாவளி என்று அதற்குத்தான் தேதி இருக்கிறது. 6 வயதுக்கு வெட்டியது 8 வயதுக்கு நீளம் பற்றாது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மீண்டும் அளந்து எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். டக் (பிறகு பிரித்து இறக்கும் குறுக்கு மடிப்பு) பிடிக்கத் துணி விட்டிருந்தால் அதையும் நீளத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்படியும் குறைந்தால் பெல்ட் வைக்காமல், காட்டன் லைனிங்கில் கையில்லாத பாடி (உள்சட்டை) தைத்து அதன் அடியில் பாவாடையை இணையுங்கள். பாடியை இடுப்புக்குக் கீழே 5, 6 செ.மீ. இறக்கினால் பாவாடையும் அவ்வளவு இறங்கும். இணைத்த இடத்தைச் சட்டை மறைத்துவிடும். இடுப்பில் நாடா இறுக்காது என்பதால் குழந்தைக்கும் இதுவே சுகம்.

பாடியின் சுற்றளவு, மகளின் மார்பளவோடு 6 முதல் 8 செ.மீ. கூட இருக்கட்டும். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் காட்டன் சுருங்கும், பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது, இணைத்த தையல் நெடுகக் குமிழ் விடும். பிறகு பிரித்துத்தான் சரிசெய்ய முடியும்.

கொசுவத்துக்குக் கணக்கு முக்கியம். தையலுக்கு விட்டது போக 180 செ.மீ. துணி, பாடியின் அடிச்சுற்று 72 செ.மீ. என்று வையுங்கள். மீதி 108 செ.மீ. மடிப்புக்குள் போக வேண்டும். 2 செ.மீ. மடிப்புள்ள ஒரு கொசுவம் 4 செ.மீ. துணியை எடுக்கும், ஆக 27 கொசுவம். 72-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 செ.மீ.க்கு ஒன்று. முதலில் பாடியின் அடிச்சுற்றை நான்காக மடித்து, துணியையும் நான்காக மடித்து, கால்வாசிப் புள்ளிகளைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒவ்வொரு கால்வாசிக்குள்ளும் கொசுவத்தை முடித்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சியதை ஒரே மூலையில் திணிக்கும் நிலைமை வராது. கண்ணளவில் பிடிப்பவர்களுக்கு வருவது அதுதான்: வலப்பக்கம் நெருக்கம், இடப்பக்கம் வெறுமை.

கொசுவத்தைக் குண்டூசியால் நிறுத்தி வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். பட்டில் குண்டூசித் தடம் நிற்கும், ஜரிகையில் இழை பிரியும். மெட்ராஸ் கடல்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், ஊசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை விழும். வெள்ளைக் காட்டனில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அந்தக் கறையை ஓரளவு எடுக்கலாம். பட்டில் அந்த வைத்தியமே கூடாது. ஆகவே அன்றே பெரிய தையலாக நூலோட்டம் போட்டுக் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். நூலோட்டம் போட்ட துணி ஒரு மாதம் கிடந்தாலும் எதுவும் ஆகாது.

மெஷின் நாளாக ஓடவில்லையென்றால் பட்டை அதில் வைப்பதற்கு முன் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பழைய துணியில் நன்றாக ஓட்டுங்கள். எண்ணெய்க் கசிவு அதில் போய்விடும். பட்டுக்குப் புது 11-ஆம் நம்பர் ஊசி, லைனிங் சேரும் இடத்துக்கு 14. தையலின் அடியில் நூல் சுருள்சுருளாக வந்தால் பாபினைக் குறை சொல்ல வேண்டாம். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காரவில்லை என்று அர்த்தம். மெஷினில் துணியை அழுத்தும் காலைத் தூக்கிவிட்டு மறுபடியும் நூல் கோர்த்தால் சரியாகிவிடும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கும், இல்லையேல் முன்பின் மாறியோ பாதி உயரத்திலோ மாட்டியிருக்கும். பழைய நூல்கண்டில் ஒரு முழம் இழுத்துச் சொடுக்கிப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அந்தக் கண்டு நூலோட்டத்துக்கு மட்டும்.

நூல் வாங்க ரங்கநாதன் தெருவுக்கோ பாரிமுனை கோடவுன் தெருப் பக்கமோ போனால் துணித்துண்டைக் கையோடு கொண்டுபோய், கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஓர் இழையைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். கண்டாக இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும் நூல், ஒற்றை இழையாகும்போது வெளிறும். சந்தேகம் வந்தால் ஒரு சாயல் கூடுதலானதை எடுப்பது நல்லது.

பாவாடையோடு போடும் சட்டை மார்பில் பற்றாவிட்டால் இரண்டு அக்குளுக்கும் கீழே, அடிவரை, 3 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டி கொடுங்கள். பாவாடைக் கரையில் மிஞ்சிய துண்டே போதும். காஜா (பொத்தான் துளை) வேண்டியிருந்தால் அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். வீட்டு மெஷினில் அவசரத்தில் போட்ட காஜா, மொத்தத் தையலையும் கெடுத்துக் காட்டும். தீபாவளி நெருங்கினால் கடைக்காரர்கள் இந்த வேலையை வாங்க மாட்டார்கள், ஆகவே ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள்.

இனி ஸ்வெட்டர். இதில் குழந்தை வளர்ந்துவிட்டதே என்பதுதான் உங்கள் பயம். குழந்தை நீளத்தில் வளரும் வேகத்துக்கு மார்பில் அகலமாவதில்லை. 6 மாதத்தில் மார்பளவு சுமார் 43 செ.மீ., 18 மாதத்தில் சுமார் 48. உங்கள் ஸ்வெட்டர் 5 செ.மீ. தளர்வு வைத்து 48-க்குப் பின்னப்பட்டிருக்கும், அதாவது இப்போது உடம்போடு ஒட்டும். பக்கத்துக்கு 2.5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டி பின்னி, அக்குளிலிருந்து அடிவரை முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் நடுவே தைத்தால் பழைய தளர்வு திரும்பிவிடும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னலின் ஒரு வளையம்) வரும் பின்னலில் பட்டிக்கு 6 கண்ணி, இரண்டு பக்கமும் தையலுக்கு ஒவ்வொன்று, ஆக 8 கண்ணி போடுங்கள். எல்லா வரிசையையும் நிட்டாகவே (நேர்ப்பின்னலாகவே) பின்னினால் பட்டி சுருளாது. மாற்றுநிறம் என்றால் வேண்டுமென்றே வைத்த அலங்காரம்போலத் தெரியும். அக்குளில் பட்டி சேர்வதால் கையின் மேல்அகலத்தையும் அதே 2.5 செ.மீ. கூட்ட வேண்டும், மறக்காதீர்கள். அக்குளிலிருந்து மணிக்கட்டுவரை கை நீளம் இப்போது 20 செ.மீ. சொச்சம் வேண்டியிருக்கும், குழந்தையின் கையை நாத்தனாரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். உடம்பு நீளத்துக்கு, அடியோரத்தில் கண்ணி எடுத்துக் கீழ்நோக்கி 4 செ.மீ. நிட் வரிசைகளாகவே பின்னி மூடுங்கள். ரிப்பாக (நேர்ப்பின்னலும் எதிர்ப்பின்னலும் மாறிமாறி) தொடர்ந்தால் கண்ணிகள் அரைக்கண்ணி விலகி நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். ஒரு வருஷம் கழித்துப் பின்னும்போது கையின் இறுக்கம் மாறியிருக்கும். முடிந்த முதுகில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். பிறகு அதே ஊசியில் 30 கண்ணி, 20 வரிசை பின்னி ஒப்பிடுங்கள். முன்பு 22, இப்போது 24 என்றால் கை இறுகியிருக்கிறது. இரண்டு கண்ணிதானே என்று விட்டால் 132 கண்ணியில் 60 செ.மீ. வரவேண்டியது 55-ல் நின்றுவிடும். 10-ஆம் நம்பர் ஊசிக்குப் பதில் 9 எடுங்கள். நம்பர் குறைந்தால் ஊசி தடிமன்.

ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் ஒரே ஊசியில், இரண்டு நூல்கண்டில், பக்கம்பக்கமாகப் பின்னுங்கள். ஒரு கை முடிந்ததும் அலுத்துப்போய் மாதக்கணக்கில் நிறுத்தும் சிக்கல் இதில் வராது, கூட்டுவதும் குறைப்பதும் ஒரே வரிசையில் விழும். வரிசை நடுவில் நிறுத்தாதீர்கள், நின்ற இடத்தில் கண்ணி இளகி ஓட்டைபோலத் தெரியும். குழந்தை அழுது எழுந்துவிட்டால், திரும்பி வரும்போது நூல் தொங்கும் கண்ணி எந்த ஊசியில் இருக்கிறதோ அது வலக்கைக்கு. இதை மாற்றிப் பிடித்தால் பின்திரும்பிப் பின்னிவிடுவீர்கள். ஒரு கண்ணி நழுவி ஏணிபோல இறங்கினால் பயப்பட வேண்டாம். ஊசியைவிடச் சற்று மெல்லிய குரோஷா கொக்கியால், நிட் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு படியையும் கண்ணிக்குள் இழுத்து மேலேற்றுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் கண்ணிகளை ஒரு வேற்றுநிற நூலில் கோர்த்து ஊசியை உருவிவிடுங்கள். ஊசியிலேயே விட்டால் அந்த வரிசையில் கோடு விழும்.

நூல் போதுமா என்ற கேள்விக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு பதில் சொல்லும். கண்டை நிறுத்து, பத்து வரிசை பின்னி, மறுபடி நிறுத்தால் மீதிக் கணக்கு கிடைக்கும். கண்ணி மூட மட்டும் பின்னலின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூல் ஒதுக்குங்கள். புதுக்கண்டு வாங்கினால் லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) வேறாக இருக்கும், அதே நிறத்தில் சாயல் மாறும். அந்தக் கண்டைப் பட்டிக்கும் கழுத்துக்கும் பயன்படுத்துங்கள். ஸ்வெட்டர் கையிலேயே சேர்க்க நேர்ந்தால் இரண்டு வரிசை பழையது, இரண்டு வரிசை புதியது என்று மாற்றிமாற்றிப் பின்னுங்கள்.

தைப்பதற்கு முன் துண்டுகளை நனைத்து, பிழியாமல், தேங்காய்ப்பூத் துண்டில் சுருட்டி அழுத்தி, அளவுக்கு விரித்து மின்விசிறிக்குக் கீழே காயவையுங்கள். கொடியில் போட்டால் தண்ணீர்க் கனத்தில் இழுபட்டு நீண்டுவிடும். அக்ரிலிக் உல்லனில் இஸ்திரி படவே கூடாது: பட்ட இடம் உயிரில்லாமல் தொய்ந்துவிடும், அது திரும்பாது.

விரிப்புக்கு ஒரே யோசனை, சிறிதாக்குங்கள். கட்டில் அளவு எண்ணம் வேண்டாம். தைத்தபின் 15 செ.மீ. வரும் 42 சதுரங்களை, 6-க்கு 7 என்று அடுக்கினால் 90-க்கு 105 செ.மீ., குழந்தைக்குப் போர்வை. தையலுக்கும் சேர்த்து வெட்டும் அளவு 16.5 செ.மீ. ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விலகிய பழம்புடவையை ஒதுக்கிவிட்டு, காட்டனைக் காட்டனோடு மட்டும் சேருங்கள். ஒரு வரிசைத் துண்டுகளை நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக மெஷினில் ஓட்டி, பிறகு இடையில் உள்ள நூலை வெட்டிப் பிரித்துக்கொண்டால் நேரமும் நூலும் மிச்சம். உள்ளே பஞ்சு வேண்டாம், நம்மூருக்குப் பழைய வேட்டி இரண்டு மடிப்பு போதும். விளிம்புச் சுற்று 390 செ.மீ.; மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்து 6 செ.மீ. அகலத்தில் 415 செ.மீ. பட்டி வெட்டிக்கொள்ளுங்கள். சதுரங்களின் கோட்டோடு கை நூலோட்டம் போடுவதை மட்டும் ஸ்வெட்டர் அனுப்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.